விறலியும் விரலியும்

முதுகலைத் தமிழ், இரண்டாம் ஆண்டு மாணவன்

குளித்து முழுகிப் புத்தாடை உடுத்தி வந்தவனை வாயிற்படியில் நிறுத்தி, "யாரப்பா நீ? உன்னை எனக்குத் தெரியாதே!" என்று வீட்டுக்காரரே கேட்டால் எப்படியிருக்கும்? நம் கல்லூரிக் கணிப்பொறி அறையில் நாள்தோறும் நடப்பது இதுதான். ஃபார்மட் செய்து, அதாவது துடைத்துக் கழுவிப் புதிதாக்கிக் கொண்டுவந்த பென் டிரைவைச் செருகியதும் கணிப்பொறி சில வேளைகளில் ஊமையாகிவிடுகிறது. சில வேளைகளில், "இதை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யட்டுமா?" என்று கேட்கிறது. கழுவி வந்தவனை மறுபடியும் கழுவச் சொல்லும் இந்தக் கேள்விக்கு, நம்மில் பலர் ஒரு நொடியும் யோசியாமல் "ஆம்" என்று அழுத்திவிடுகிறோம். அந்த ஒரு நொடியைப் பற்றியே இங்கே எழுதத் துணிகிறேன். தமிழ் படிப்பவனுக்கு இந்த வேலை எதற்கு என்று கணிப்பொறித் துறை நண்பர்கள் நகைக்கலாம். நகைக்கட்டும்; காரணம் பின்னால் வருகிறது.

பென் டிரைவுக்கு "விரலி" என்று ஓர் அழகான தமிழ்ப் பெயர் உண்டு. விரலளவே இருப்பதால் விரலி. ஓர் எழுத்து மாறினால் விறலி! சங்க காலத்து விறலி பாணரோடு ஊர் ஊராகச் சென்று ஆடியும் பாடியும் வாழ்ந்தவள். இந்த விரலியோ பாடத் தெரியாதவள். ஆனால் ஆயிரம் பாடல்களை மடியில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவள். இவளுடைய குலவரலாறு நீண்டதன்று. மின்சாரம் நின்ற பிறகும் நினைவை இழக்காத "ஃபிளாஷ்" நினைவகத்தை ஜப்பானியப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா, தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றியபோது 1984-இல் உலகுக்கு அறிவித்தார். அதில் உள்ளதை ஒரே வீச்சில் அழித்துவிடலாம் என்பது நிழற்படக் கருவியின் ஒளிவீச்சை நினைவூட்டியதால், உடன் பணியாற்றிய ஒருவர் அந்தப் பெயரைச் சொன்னாராம். பிறக்கும்போதே அழித்தலைப் பெயரில் சுமந்து வந்தவள் இவள்! செருகும் வாயாகிய யூ.எஸ்.பி. 1996-இல் வந்தது. அதை உருவாக்கிய இன்டெல் நிறுவனத்துப் பொறியாளர்களுள் முதன்மையானவர் அஜய் பட். பரோடாவில் படித்த நம் நாட்டவர். இவ்விரண்டும் இணைந்து 2000-ஆம் ஆண்டில் விரலி கடைக்கு வந்தபோது அதன் கொள்ளளவு 8 எம்.பி. தான். இன்று நம் கைப்பேசி எடுக்கும் நிழற்படங்கள் இரண்டு மூன்றுக்கு அது போதாது.

சரி, ஃபார்மட் என்றால் என்ன? சிற்றூரில் பிறந்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். விரலியை ஓர் ஊரின் நிலப்பரப்பு என்று கொள்வோம். நிலம் மட்டும் இருந்தால் போதுமா? எந்தச் சர்வே எண்ணில் யார் பயிர் நிற்கிறது, எந்தக் காணி தரிசாகக் கிடக்கிறது என்று சொல்லக் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவேடு வேண்டும். விரலியிலும் அத்தகைய பதிவேடு ஒன்று தொடக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. நாம் ஒரு கோப்பைத் திறக்கும்போது கணிப்பொறி முதலில் பதிவேட்டைப் பார்த்து, பிறகே நிலத்துக்குப் போகிறது.

விரைவு ஃபார்மட் என்பது பழைய பதிவேட்டைக் கிழித்துப்போட்டு, வெற்றுப் பதிவேடு ஒன்றை வைப்பது. நிலத்தில் நிற்கும் பயிரை அது தொடுவதில்லை. "ஊரில் ஒரு காணிகூட யாருக்கும் சொந்தமில்லை" என்று புதுப் பதிவேடு சொல்லும். ஆனால் வயலில் நெல் விளைந்து நின்றுகொண்டுதான் இருக்கும், புதியவர் ஒருவர் வந்து உழுது போடும் வரையில். முழு ஃபார்மட் வேறு வகை. விண்டோஸ் விஸ்டா 2007-இல் கடைக்கு வந்ததிலிருந்து, முழு ஃபார்மட் என்றால் நிலம் முழுவதையும் உழுது சுழியங்களால் நிரப்பிவிடுகிறது. அதன்பின் தேடுவது, அறுத்து முடித்துப் புழுதி ஓட்டிய வயலில் கதிர் பொறுக்கப் போவதற்கு ஒப்பு.

இனி, பதிவேடு எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது என்பது ஒரு கேள்வி. ஃபாட் 32 என்னும் மொழி பழையது. ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் அதைப் படிக்கும். ஆனால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பை அதில் எழுத முடியாது. "இடம் இருக்கிறது, ஆனால் படத்தை ஏற்ற மாட்டேன் என்கிறது" என்று விடுதி நண்பர்கள் புலம்புவது இதனால்தான். 2006-இல் மைக்ரோசாஃப்ட் கொணர்ந்த எக்ஸ்ஃபாட் அந்தக் குறையைத் தீர்த்தது. என்.டி.எஃப்.எஸ். விண்டோஸ் வீட்டு மொழி. எக்ஸ்ட் 4 என்பது லினக்ஸ் வீட்டு மொழி. லினக்ஸ் பிற வீட்டு மொழிகளையும் ஓரளவு கற்று வைத்திருக்கிறது. விண்டோஸோ எக்ஸ்ட் 4-ஐத் தானாகப் படிக்க இன்றளவும் கற்கவில்லை. தனக்குத் தெரியாத மொழியில் பதிவேட்டைக் கண்டால், "எனக்குப் படிக்கத் தெரியவில்லை" என்று நேர்மையாகச் சொல்லலாமல்லவா? சொல்லாது. "ஊரில் பதிவேடே இல்லை, புதிதாக எழுதட்டுமா?" என்று கேட்கும்! இந்த ஆணவத்தால் இழந்தவர்கள் எத்தனை பேரோ!

நானும் இழந்திருப்பேன். நடந்ததைச் சொல்கிறேன்.

முதுகலை ஆய்வேட்டுக்காக எங்கள் மானாமதுரைப் பக்கத்து ஊர்களில் நாட்டுப்புறப் பாடல்கள் தொகுத்தேன். தாலாட்டும் நடவுப் பாட்டும் கேட்டவுடன் கிடைத்தன. ஒப்பாரிதான் கிடைக்கவில்லை. உயிரோடு மனிதர் நடமாடும் வீட்டில் ஒப்பாரி பாடுவது ஆகாது என்பது நம் மக்களின் நம்பிக்கை. நான் அப்பத்தா முறை வைத்து அழைக்கும் ஒரு மூதாட்டி, எழவு வீடுகளுக்கு அழைத்துச் செல்லப்படும் பேர்போன பாட்டுக்காரி. நான்கு முறை நடந்தேன். நான்கு முறையும், "போடா, ஆகாத பேச்சுப் பேசாத" என்று விரட்டினார். ஐந்தாம் முறை என்ன நினைத்தாரோ, ஊருக்கு வெளியே கண்மாய்க் கரைக்கு அழைத்துப் போனார். புளியமரத்தடியில் முந்தானையை விரித்து உட்கார்ந்து, "இந்த ஒருவாட்டிதான். மறுக்கா வந்து பாடுன்னு நிக்கக் கூடாது. சத்தியம் பண்ணு" என்றார். செய்தேன். தாய்க்கு, தகப்பனுக்கு, தாலி கட்டியவனுக்கு, பிஞ்சில் போன பிள்ளைக்கு என்று முறை வைத்துப் பொழுது சாயும் வரை பாடினார். நடுவே ஒருமுறை நிறுத்தி, கைப்பேசியைச் சுட்டி, "ஓடுதா?" என்றார். "ஓடுது அப்பத்தா" என்றேன். மீண்டும் தொடங்கினார்.

ஆக மொத்தம் 61 பாடல்கள். கைப்பேசி என் அண்ணனுடையது. விடுப்பு முடிந்து அவர் திருப்பூருக்குத் திரும்ப வேண்டியிருந்ததால், பாடல்களை விரலிக்கு மாற்றிவிட்டுக் கைப்பேசியைத் துடைத்துக் கொடுத்தோம். மாற்றித் தந்தவன் என் மாமன் மகன். அவனிடம் இருந்தது மேல்நிலைப் பள்ளியில் அரசு வழங்கிய மடிக்கணினி. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வழங்கப்பட்ட கருவிகளில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்துத் தரப்பட்டதை நம்மில் பலர் அறிவோம். பெரும்பாலோர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. என் மச்சான் எட்டிப் பார்த்தது மட்டுமன்று, அங்கேயே குடியேறிவிட்டவன்! ஜெராக்ஸ் கடைகளில் ஏறிய வைரஸால் விரலி நிறைந்திருந்ததைக் கண்டு, முதலில் அதை ஃபார்மட் செய்து, பிறகு பாடல்களை ஏற்றிக் கொடுத்தான்.

பத்து நாள் கழித்துக் கல்லூரிக் கணிப்பொறி அறையில் அந்த விரலியைச் செருகினேன். "ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்றது திரை. அருகில் நின்ற ஆய்வக உதவியாளர், "அட, இதுக்கென்ன, ஆமான்னு குடு தம்பி" என்று மௌஸை நோக்கிக் கையை நீட்டினார். "அண்ணே, வேண்டாம்! உள்ளே சரக்கு இருக்கு" என்று விரலியைப் பிடுங்கிக்கொண்டேன். அவருக்கு வருத்தம்தான். ஆனால் என் காதில் அப்போது "மறுக்கா வந்து நிக்கக் கூடாது" என்ற குரலைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

அன்று அறையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு மருத்துவம் சொன்னார்கள். ஒருவர் ஊதிப் பார்க்கச் சொன்னார். ஒருவர் வேறு துளையில் செருகச் சொன்னார். பின் சொன்னது நல்ல யோசனையே. மேசைக் கணிப்பொறியின் முன்புறத் துளைகள் உள்ளே ஒரு கம்பி வழியாகத் தாய்ப்பலகையோடு இணைக்கப்பட்டவை. அந்தக் கம்பி தளர்ந்தால் மின்னோட்டம் குறையும். பின்புறத் துளைகள் பலகையிலேயே பொருத்தப்பட்டவை. பின்புறம் செருகினேன். அதே கேள்விதான் வந்தது.

ஆனால் அந்த விடாப்பிடியான கேள்வியே ஒரு நற்செய்தி என்பதை இயற்பியல் துறைப் பேராசிரியர் ஒருவர் எனக்கு விளக்கினார். "கேள்வி கேட்கிறதென்றால் விரலி உயிரோடு இருக்கிறதென்று பொருள், தம்பி. செத்ததைப் பார்த்து யாரும் கேள்வி கேட்பதில்லை" என்றார். விண்டோஸ் பொத்தானையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வந்த பட்டியலில் "டிஸ்க் மேனேஜ்மென்ட்" என்பதைத் திறந்து காட்டினார். வட்டுகளையெல்லாம் வரிசையாகக் கட்டம் கட்டிக் காட்டும் பக்கம் அது. என் 16 ஜி.பி. விரலி 14 ஜி.பி. சொச்சமாக அங்கே நின்றது. (குறைவது களவன்று. கடைக்காரர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1024, 1024-ஆக எண்ணுகிறது.) பகுதி முழுமையாக இருந்தது, ஆனால் பதிவேட்டின் மொழி இன்னதென்று எழுத வேண்டிய இடத்தில் பெயரில்லை. "ஃபார்மட் செய்தது யார்? எந்தக் கணிப்பொறியில்?" என்றார் பேராசிரியர். நல்ல மருத்துவர் நாடி பிடிக்குமுன் "நேற்று என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்பதைப் போல இருந்தது. வராந்தாவுக்கு ஓடி மச்சானுக்குத் தொலைபேசினேன்.

அவன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். "எக்ஸ்ட் 4-லதான் மச்சான் போட்டேன். லினக்ஸுக்கு மட்டும்னு இருந்துச்சு. விண்டோஸ் வைரஸ் எதுவும் உள்ள எழுத முடியாதுல்ல?" என்றான் பெருமையோடு. அவன் சொன்னதில் பிழையே இல்லை. கள்ளன் நுழைய முடியாத பூட்டைத்தான் போட்டிருக்கிறான். வீட்டுக்காரனும் நுழைய முடியவில்லை என்பது வேறு செய்தி.

வழி தெரிந்தபின் வேலை அரை மணிக்குள் முடிந்தது. பேராசிரியர் உபுண்டு லினக்ஸ் ஏற்றிய வேறொரு விரலியைச் செருகி, கணிப்பொறியை அதிலிருந்தே எழுப்பினார். எதையும் நிறுவாமல், "சோதித்துப் பார்" என்ற வழியிலேயே இயங்க அதற்கு வசதி உண்டு. பிறகு என் விரலியைச் செருகினோம். எந்தக் கேள்வியும் இல்லை. 61 கோப்புகளும் திரையில் வரிசையாக வந்து நின்றன. எக்ஸ்ஃபாட் முறையில் அமைத்த இன்னொரு விரலிக்கு அனைத்தையும் படியெடுத்தோம். சோதனைக்காக ஒன்றை ஒலிக்கவிட்டார் பேராசிரியர். கணிப்பொறி அறையில் ஒப்பாரி எழுந்தது. பக்கத்து மேசைகளில் தட்டச்சு ஓசை நின்றது. ஒரு நிமிடம் கழித்து, பாட்டின் நடுவே, "ஓடுதா?" என்று அப்பத்தாவின் குரல் கேட்டது. ஆய்வக உதவியாளர் அண்ணன் முதல் ஆளாக, "ஓடுது ஆத்தா" என்றார்.

அன்று "ஆம்" என்று அழுத்தியிருந்தாலும் எல்லாம் போயிருக்காது என்று பிறகு அறிந்தேன். விரைவு ஃபார்மட்டுக்குப் பின் வேறெதையும் எழுதாமல் உடனே விரலியை எடுத்துவிட்டால், டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்னும் இலவச மென்பொருள்கள் நிலத்தில் நிற்கும் பயிரைத் தேடிப் பிடித்துத் தர வாய்ப்புண்டு. ஆனால் ஃபோட்டோரெக் மீட்கும் கோப்புகளுக்குப் பழைய பெயர் இராது. யார் பாடியது, எந்த ஊர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மீட்டதை அதே விரலியில் எழுதவும் கூடாது. எழுதினால் நம் பயிரை நாமே உழுதவர்களாவோம்.

என் விரலி பிழைத்த செய்தி விடுதியில் பரவியதும், "தமிழ்க்காரர் பார்ப்பார்" என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து குவித்தார்கள். அவற்றுள் ஃபார்மட்டுக்குப் பின் ஊமையானவை சிலவற்றின் நோய்கள் சுவையானவை.

பொருளியல் மாணவர் ஒருவரின் விரலி செருகும்போது "டிங்" என்று ஒலித்தது. ஆனால் கணிப்பொறியில் காணவில்லை. டிஸ்க் மேனேஜ்மென்டில் நலமாக இருந்தது. இல்லாதது எழுத்து ஒன்றுதான். சி, டி, ஈ என்று ஒவ்வொரு வட்டுக்கும் விண்டோஸ் ஓர் எழுத்தைத் தருகிறது. எழுத்தில்லாதவனுக்கு வாசலில்லை, இருந்தும் இல்லாதவன்தான். வலப்பொத்தானை அழுத்தி எழுத்து மாற்றும் கட்டளையைத் தேர்ந்து, எவருக்கும் கொடுக்கப்படாத எழுத்தொன்றைக் கொடுத்தோம். உடனே தோன்றிவிட்டது. தமிழ் மாணவன் எழுத்து கொடுத்துப் பிழைக்க வைத்தான் என்று அவர் இன்றும் சொல்லித் திரிகிறார்.

இன்னொருவரின் 32 ஜி.பி. விரலி சில எம்.பி. மட்டுமே காட்டியது. அதில் எப்போதோ லினக்ஸ் நிறுவுவதற்கான பிம்பத்தை ஏற்றியிருந்தார். நிலம் பல துண்டுகளாகக் கூறுபோடப்பட்டு, ஃபார்மட் செய்தபோது ஒரு துண்டு மட்டுமே துடைக்கப்பட்டிருந்தது. விண்டோஸ் 10-இன் 2017-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு முந்தையவை விரலியின் முதல் துண்டை மட்டுமே காட்டும் என்பதால் குழப்பம் மேலும் கூடும். இதற்கு "டிஸ்க்பார்ட்" என்னும் கட்டளை வழி உண்டு. வட்டுகளைப் பட்டியலிட்டு, எண்ணைத் தேர்ந்து, "கிளீன்" என்று எழுதினால் வரப்புகளெல்லாம் போய் நிலம் ஒன்றாகிவிடும். பின்னர்ப் புதுப் பகுதி அமைத்து ஃபார்மட் செய்யலாம். இது சாணை பிடித்த அரிவாள். பட்டியலில் சுழியம் என்ற எண் பெரும்பாலும் கணிப்பொறியின் சொந்த வட்டுக்கே உரியது. அளவைப் பார்த்து, விரலியை எடுத்துவிட்டு மீண்டும் பட்டியலிட்டு, எந்த எண் மறைகிறதென்று உறுதி செய்தபின்பே அடுத்த வார்த்தை எழுத வேண்டும். இந்த வேலையை இரவு பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தோடு செய்ய வருவோரை நான் காலையில் வரச் சொல்லிவிடுகிறேன்.

சந்தையில் மலிவாக வாங்கிய "512 ஜி.பி." விரலி ஒன்றும் வந்தது. எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் சில கோப்புகளுக்குப் பின் எல்லாம் குப்பையாகும். உள்ளே இருப்பதோ சிறு நினைவகம். கட்டுப்பாட்டுச் சில்லுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ என்னும் மென்பொருள் முழுவதையும் எழுதிப் படித்துப் பார்த்துப் பொய்யை வெளிக்கொணரும். லினக்ஸில் அதே வேலையை எஃப்3 செய்யும். வாங்கியவரிடம் உண்மையைச் சொல்ல எனக்குத்தான் வாய் வரவில்லை.

கோப்புறைகளெல்லாம் குறுக்குவழிச் சின்னங்களாக மாறிவிட்டன என்று அழுதவர்களும் உண்டு. அவர்களுக்கு ஃபார்மட்டே தேவையில்லை. வைரஸ் உண்மைக் கோப்புறைகளை மறைத்து வைத்திருக்கும், அவ்வளவே. மறைவை நீக்கி, படியெடுத்து, பின்னர்த் துடைக்கலாம்.

எல்லாம் பிழைத்தன என்று எழுத ஆசைதான். டிஸ்க் மேனேஜ்மென்டில் "நோ மீடியா" என்று, கொள்ளளவு சுழியமாகக் காட்டிய ஒன்றை என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. கட்டுப்பாட்டுச் சில்லு விழித்திருக்கிறது. நினைவகம் அதற்குப் பதில் சொல்லவில்லை. எழுதுவதற்கும் அழிப்பதற்கும் ஃபிளாஷ் நினைவகத்துக்கு ஓர் ஆயுள் வரம்புண்டு. சில விரலிகள் ஆயுள் முடியும் தறுவாயில் "இனி எழுத விடமாட்டேன், படித்துக்கொள்" என்று தம்மைத் தாமே பூட்டிக்கொள்ளும். அது கடைசி உபகாரம். இது அதையும் செய்யாமல் போய்விட்டது. உரியவர் மூன்றாண்டுக் குறிப்புகள் உள்ளே இருந்ததாகச் சொன்னார். அவரோடு சேர்ந்து தேநீர்க் கடைக்குப் போனேன், வேறென்ன செய்வது?

ஒப்பாரிகள் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன: துறைக் கணிப்பொறியில், என்னிடம், ஓசூரில் மச்சானிடம். அவனுடையது மட்டும் எக்ஸ்ட் 4-இல்தான். மாற்ற மாட்டேன் என்கிறான்.

கணிப்பொறிகளுக்கிடையே கொண்டு செல்வதற்கு எக்ஸ்ஃபாட் போதும். ஆனால் அவனது மடிக்கணினியைப் போன்ற பழைய லினக்ஸ்களுக்குக் கூடுதல் மென்பொருள் இல்லாமல் அது புரியாது. நம் கல்லூரி அரங்கின் ஒலிபெருக்கிப் பெட்டியோ ஃபாட் 32 தவிர வேறெதையும் அறியாது, சோதித்துப் பார்த்துவிட்டேன். ஆண்டு விழாவில் நடனத்துக்குப் பாட்டுக் கொண்டுவரும் தோழர்கள் முந்தின நாள் மாலையே வந்து ஒருமுறை செருகிப் பார்த்துவிடுவது நலம். மேடையேறியபின் என்னைத் தேட வேண்டாம். நான் பந்தலில் நாற்காலி போடும் குழுவில் இருப்பேன்.